வெண்ணெயும் கண்ணீரும்: ‘கைவல்லிய நவநீதம்’ – ஒரு மறுவாசிப்பு

சில நூல்கள் தம் முடிவினாலேயே புகழ்பெற்று, அப்புகழாலேயே தம் தொடக்கத்தை இழந்துவிடுகின்றன. தமிழில் அத்துவைத மெய்யியலைச் சுருங்கச் சொல்லும் நூல்களுள் தலையாயதாகப் போற்றப்படும் ‘கைவல்லிய நவநீதம்’ அத்தகையது. ‘சீவனும் பிரம்மமும் ஒன்றே’ என்பது அந்நூலின் முடிவு என்பதைப் புரட்டிப் பாராதவர்கூட அறிவர். ஆயின், அம்முடிவை நோக்கி அழைத்துச் செல்லப்படும் சீடன் முதன்முதலில் வாய் திறக்கும்போது அழுதுகொண்டுதான் பேசுகிறான் என்பதை எத்தனை பேர் அறிவர்? நெடுங்காலம் நாமும் அறியாதிருந்தோம். அறிய நேர்ந்த கதையையும், அறிந்தபின் அந்நூல் நமக்குக் காட்டிய முகத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூலைப் பற்றிச் சில சொற்கள். இதனை இயற்றியவர் தாண்டவராய சுவாமிகள். நன்னிலத்து நாராயண தேசிகரைக் குருவாகக் கொண்டவர். 293 பாடல்கள், இரண்டு படலங்கள். முதலாவது தத்துவ விளக்கப் படலம், அடுத்தது சந்தேகம் தெளிதற் படலம். விளக்கத்தைக் காட்டிலும் ஐயம் தெளிதலுக்கே ஆசிரியர் மிகுதியான இடம் ஒதுக்கியுள்ளார் என்பது நோக்கத்தக்கது. வேதாந்தம் என்னும் பாற்கடலை முன்னோர் குடங்களில் மொண்டு வைத்தார்கள். அதைக் காய்ச்சிக் கடைந்து தாம் எடுத்த வெண்ணெய் இது என்று ஆசிரியரே பெயர்க்காரணம் கூறுகிறார். வெண்ணெய் கிடைத்த பின்னும் புலனின்பம் என்னும் மண்ணைத் தின்று எவரேனும் அலைவரோ என்றும் வினவுகிறார். காரைக்குடியை அடுத்த கோவிலூர் வேதாந்த மடத்தில் இந்நூல் பாடமாக ஓதப்பட்டு வந்தது. அம்மடத்துப் பொன்னம்பல சுவாமிகள் இதற்கு உரை கண்டார். திருவண்ணாமலை இரமண மகரிஷி தம்மை நாடி வந்தோரிடம் இதனைப் பலகால் எடுத்துரைத்தார். லைப்சிக் லூத்தரன் மிஷனின் இயக்குநராக விளங்கிய கார்ல் கிரவுல், 1854 முதல் தாம் வெளியிட்ட தமிழ் நூல் வரிசையின் தொடக்கத்திலேயே இதனை மொழிபெயர்த்துச் சேர்த்தார். திருக்குறளுக்கும் முன்னதாக இந்நூலை ஐரோப்பியர் கையில் கொடுக்க வேண்டுமென்று ஒரு கிறிஸ்தவ மறைப்பணியாளர் கருதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நமக்கும் இந்நூலுக்கும் முதல் அறிமுகம் குருமடத்தில் நிகழ்ந்தது. 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்திய மெய்யியல் தேர்வுக்காக நாம் எழுதிவைத்த குறிப்பேட்டில் அத்துவைதத்துக்கு இரண்டு பக்கங்கள். அவற்றின் அடியில் சிவப்பு மையில் ஒரே வரி: ‘அனைத்திறைக் கொள்கை, படைத்தவருக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாட்டை மறுப்பது.’ அவ்வரிக்கு மதிப்பெண் கிடைத்தது. நூலைப் படித்தோமா என்று எவரும் கேட்கவில்லை; நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. பெல்ஜிய இயேசு சபைத் துறவி ரிச்சர்டு டி ஸ்மெட், சங்கரரின் இறையியல் முறையை ஆராய்ந்து 1953இல் உரோமையில் ஆய்வேடு அளித்தவர். ‘மாயை’ என்ற சொல்லால் உலகம் வெறும் சூனியம் என்று சங்கரர் சொல்லவில்லை, தன்னளவில் நிற்கும் இருப்பு உலகுக்கு இல்லை என்பதே அவர் கருத்து என வாதிட்டவர். அவர் எழுத்துகளை நாம் படித்தது குருப்பட்டம் பெற்றுப் பல்லாண்டுகள் கழித்தே. சிவப்பு மை வரி அப்போது சற்றே மங்கியது. எனினும் நூலைக் கையிலெடுக்கும் நாள் வரவில்லை.

அந்நாளைக் கொண்டுவந்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய 14 வயது மகள் மூன்று நாள் காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து அவர் சொன்னார்: “அவர் அழவே மாட்டேங்கிறார் சாமி. நான் அழுதா, ‘யாரு செத்தா?’ன்னு கேட்கிறார். ஏதோ ஒரு புத்தகம் படிக்கிறார். அந்த வீட்டுல அழுறதுக்கு எனக்கு ஒரு துணை இல்ல சாமி.” கணவர் ஆசிரியர், படித்தவர். துக்கம் விசாரிக்க வந்த உடன்பணியாளர் ஒருவர் ஆறுதலாகக் கொடுத்துச் சென்ற நூல் அது. பெயரைக் கேட்டோம். கைவல்லிய நவநீதம்!

‘பார்த்தீர்களா, இக்கொள்கையின் விளைவை’ என்று நம் மனம் அக்கணமே தீர்ப்பு எழுதத் தொடங்கியது. அதைப் படித்தவர்போல அத்தாய் தொடர்ந்தார்: “நீங்களும் அடக்கப் பூசையில அழாதீங்கன்னுதானே சாமி சொன்னீங்க. அவ ஆண்டவர்கிட்ட இருக்கான்னு சொன்னீங்க.”

சொன்னோம். உண்மையைத்தான் சொன்னோம். ஆனால், இலாசர் உயிர்பெற்று எழப்போவதை அறிந்திருந்த ஆண்டவரே அக்கல்லறையருகில் கண்ணீர் விட்டார் என்பதை அன்று மறந்துபோனோம். உயிர்ப்பின் நம்பிக்கையை நாம் எதற்குப் பயன்படுத்தினோமோ, அதற்கே அக்கணவர் அத்துவைதத்தைப் பயன்படுத்தினார். இருவரும் ஓர் உயர்ந்த உண்மையை எடுத்து ஒரு தாயின் கண்ணீர்மேல் மூடியாக வைத்தோம். அந்த வெட்கத்தோடுதான் நாம் அந்நூலைத் திறந்தோம். பின்னர் அக்கணவரோடு அமர்ந்து, சில வாரம் மாலைவேளைகளில் அதைப் பாட்டுப் பாட்டாகப் படித்தோம்.

நூலின் வாயிலில் இருப்பது தகுதி. நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிதல், இம்மை மறுமைப் பயன்களில் பற்றின்மை, அகப்புற அடக்கம் முதலிய ஆறு பண்புகள், விடுதலையில் வேட்கை என்னும் நான்கும் உடையவனுக்கே இக்கல்வி உரியது என்று ஆசிரியர் வரையறுக்கிறார். இத்தகுதிகள் ஒரு நாளில் வாய்ப்பன அல்ல. இன்று ஆன்மிகத் தேடல் கொண்டோர் பலர் இப்பாடல்களை முன்னுரையாக எண்ணிக் கடந்துவிடுகின்றனர். துயரத்தின் முதல் வாரத்தில் ஒருவர் கையில் இந்நூலை ஆறுதலாகத் திணிப்பது, நூல் தனக்குத்தானே இட்டுக்கொண்ட காவலைத் தாண்டிச் செல்வதாகும்.

வாயிலைக் கடந்தால் கண்ணீர். தகுதிபெற்ற சீடன் குருவை வணங்கி நின்று அழுது பேசுகிறான். வாழ்வின் துயரால் வாடினேன், என் உள்ளம் குளிரும்படி என்னைக் காக்க வேண்டும் என்கிறான். இங்கேதான் நாம் மெய்யாகவே வியந்தோம். ‘யார் அழுவது? அழுகையும் மாயை அன்றோ?’ என்று குரு கேட்கவில்லை. இக்கேள்வியைக் கேட்கும் உரிமை உலகில் எவருக்கேனும் உண்டெனில் அவருக்கே உண்டு. அவரோ, ஆமையும் மீனும் பறவையும் தம் குஞ்சுகளைப் பேணுவதுபோல அவனைப் பேணுகிறார். நினைவாலேயே முட்டையைப் பொரிப்பது ஆமை, நோக்கால் பொரிப்பது மீன், தழுவலால் பொரிப்பது பறவை என்பது முன்னோர் கொண்ட எண்ணம். குரு சீடனை நெஞ்சில் நினைக்கிறார்; கண்ணால் நோக்குகிறார்; கையால் தடவுகிறார். ஒரு தாய் தன் குழந்தைக்குச் செய்வதைச் செய்தபிறகே, துயர் தீர ஒரு வழி உண்டு என்று வாய் திறக்கிறார். கோட்பாடு வருவதற்கு முன் கை வருகிறது!

அந்தப் பாடலைப் படித்த மாலையில் ஆசிரியர் நீண்டநேரம் பேசாதிருந்தார். நாமும் பேசவில்லை. பேசத் தகுதியற்றிருந்தோம்.

அடுத்து வரும் உபதேசம் நமக்கு அந்நியமாகவும் படவில்லை. தன்னையும் தனக்கு ஆதாரமான தலைவனையும் ஒருவன் காண்பானாயின் அவன் துயர் நீங்கும் என்கிறார் குரு. திருமுழுக்குப் பெறுமுன் எழுதிய ‘தனிமொழிகள்’ நூலில் புனித அகுஸ்தினாரும், தம்மையும் இறைவனையும் அறிய வேண்டும் என்பதையே சுருக்கமான மன்றாட்டாக்கினார். இருவரும் ஒரே இடத்தில் முடிக்கவில்லை. ஆனால் தொடங்கும் இடம் ஒன்று. தன்னை அறியாதவன் இறைவனை அறிந்ததாகச் சொல்வது வெறும் கேள்வியறிவே என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இந்நூல் எடுத்தாளும் பழைய உவமைக் கதை ஒன்று நம் ஆசிரியருக்கு மிகவும் பிடித்தமானது. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கின்றனர். கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒன்பது பேரே வருகின்றனர். பத்தாமவனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகின்றனர். வழியே வந்த ஒருவர், ‘பத்தாமவன் நீயே’ என்று காட்டியதும் அழுகை தீர்கிறது. ‘பாருங்கள் சாமி, போனவர் எவரும் இல்லை’ என்பது ஆசிரியரின் முடிவு. அவர் வீட்டில் ஒலித்த ‘யாரு செத்தா?’ என்ற கேள்வியின் ஊற்று இங்கேதான் இருந்தது.

இவ்விடத்தில் நாம் மறுத்துப் பேசினோம். கதையில் காணாமற்போனவன் எண்ணியவனே அன்றி வேறொருவன் அல்லன். தன்னை மறந்தவன் தன்னை நினைவுகூர்வதைப் பற்றிய உவமை இது. ஒரு தந்தை தன் மகளை இழந்ததைப் பற்றிய உவமை அன்று. இதனை மரணத்தின்மேல் ஏற்றுவது உவமையின் எல்லையை மீறுவது. அன்றியும், அப்பத்துப் பேரும் எத்தனை முறை எண்ணியும் தாமாக உண்மையைக் கண்டுகொள்ளவில்லை. வழியே வந்த வேறொரு மனிதர் சொல்ல வேண்டியிருந்தது. ஒருமையைக் கற்பிக்கும் உவமையிலேயே, அடுத்தவர் ஒருவரின் குரலின்றி விடிவு இல்லை!

இதே கருத்தை நூலின் அமைப்பும் உறுதிசெய்கிறது. முதற்படலத்தின் பிற்பகுதியில் சீடன் மெய்யறிவு பெறுகிறான். இனி இரண்டில்லை. ஆயினும் அவன் உடனே செய்வது என்ன? குருவின் திருவடியைப் போற்றி, தாங்கள் எனக்குச் செய்த பேருதவிக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று உருகுகிறான். அறியாமை, ஐயம், திரிபு என்னும் தடைகள் மூன்றும் குறுக்கிடாமல் நீ உன் மெய்ந்நிலையில் நிற்பதே எனக்குச் செய்யும் கைம்மாறு என்று அவனை அன்போடு அருகழைத்துச் சொல்கிறார் குரு. ஒன்றே உள்ளதெனில் நன்றி சொல்பவர் யார், பெறுபவர் யார் என்று தருக்க நூலார் கேட்கலாம். தாண்டவராயர் அக்கேள்விக்கு அஞ்சி அந்நன்றியை நூலிலிருந்து நீக்கிவிடவில்லை. அதுவே அவருடைய பெருமை என்போம்.

அத்துவைத மரபும் இதில் விழிப்பாகவே இருந்துள்ளது. உலகியல் உண்மை, முழுமுதல் உண்மை என அது நிலைகளை வகுத்தது வெறும் நூல் அலங்காரமன்று. மேல்நிலையின் மொழியைக் கீழ்நிலையின் கடமையிலிருந்து தப்ப எவரும் பயன்படுத்தலாகாது என்பதற்கான வரம்பும் அதில் உண்டு. அத்துவைதத்தை உள்ளத்தில் கொள்ளலாம், செயலில் காட்டலாகாது, குருவிடத்தில் ஒருபோதும் கூடாது என்னும் பழைய அறிவுரையை இரமணர் தமது ‘உள்ளது நாற்பது அனுபந்த’த்தில் தமிழாக்கி வைத்தார். 1896இல் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சேர்ந்த அவர், பின்னாளில் தம்மிடம் வந்து தங்கிய அன்னை அழகம்மாளை ஏற்றுக்கொண்டார். 1922 மே 19 அன்று அன்னையின் இறுதி வேளையில் அவர் நெஞ்சிலும் தலையிலும் கைவைத்தபடி பல மணிநேரம் அருகிலேயே அமர்ந்திருந்தார். ‘யார் சாகிறார்?’ என்று கேட்கும் தகுதி அவருக்கும் இருந்தது. அவர் கையைத்தான் நீட்டினார்.

இத்துணை பாராட்டியபின் நம் கருத்து வேற்றுமையை மறைப்பது நேர்மையாகாது. சீடன் குருவை நாடி வரும் காட்சியில், மனைவி மக்கள் பொருள் என்பவற்றை விட்டு அவன் வந்ததை, வேடன் வலையினின்று தப்பிய மானுக்கு ஒப்பிடுகிறது நூல். பற்றே வலை, மனிதர் வலையல்லர் என்று உரை சொல்லலாம். ஞானிகள் தத்தம் நிலைக்குரிய கடமைகளைச் செய்துகொண்டே வாழ்வர் என்று நூலே பின்னர் இடமளிக்கவும் செய்கிறது. எனினும், வலை என்று பெயர் பெற்ற அம்மனைவி என்ன ஆனாள்? அம்மக்கள் என்ன உண்டனர்? 293 பாடல்களிலும் அவர்கள் திரும்ப வருவதில்லை. குருவும் சீடனும் என இருவரைக் கொண்டு கட்டிய அழகிய மண்டபம் இந்நூல். அதில் மூன்றாமவருக்கு இருக்கை இல்லை. நம் பங்கு இல்லத் திண்ணையில் அமர்ந்திருந்த அத்தாய் அந்த மூன்றாமவர்.

பத்துப் பேரை எண்ணிய கதையோடு, லூக்கா நற்செய்தியில் 100 ஆடுகளை எண்ணிய ஆயரின் உவமையையும் வைத்துப் பார்க்கலாம். அங்கும் ஓர் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் அங்கே காணாமற்போனது எண்ணியவர் அல்லர். மெய்யாகவே வேறோர் உயிர். தன்னை நினைவுகூர்வதால் அக்குறை தீராது. எழுந்து நடக்க வேண்டும், தேட வேண்டும், தோளில் சுமக்க வேண்டும். கிறிஸ்தவ மரபு ஒன்றிப்பைப் பேசாமலில்லை. தம்முள் வாழ்வது தாம் அல்ல, கிறிஸ்துவே என்று பவுலடியார் சொல்லும் அளவுக்கு அது ஆழமானது. ஆயினும் அவ்வொன்றிப்பில் ‘நீ’ கரைந்துபோவதில்லை. இறைவன் ஒருவரே என்று அறிக்கையிடும் நாம், அந்த ஒருமையின் உள்ளேயே தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் உறவையும் அறிக்கையிடுகிறோம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15 அன்று கிறிஸ்தவத் தியானம் குறித்து வெளியிட்ட மடல் இவ்வேறுபாட்டையே நினைவூட்டியது. இது சொற்போர் அன்று. அழுபவருக்கு எதிரில் ஒருவர் மெய்யாகவே இருக்கிறாரா என்பதைப் பற்றியது.

வேற்றுமை உண்டென்பதால் கதவை அடைத்துவிடலாமா? பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அறிவித்தது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1950 மார்ச் 21 அன்று, குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தைத் தொடங்கியிருந்தனர் அருட்தந்தையர் மோன்ஷனேனும் ஆன்றி லெ சோவும். அபிஷிக்தானந்தர் என்று பெயர்கொண்ட லெ சோ, 1949இல் இரமணரைக் கண்டது முதல் 1973இல் இந்தூரில் இறக்கும்வரை, தாம் காத்த நம்பிக்கையையும் அத்துவைத அனுபவத்தையும் ஒரே நெஞ்சில் சுமந்து வருந்தியவர். இரண்டையும் எளிதில் ஒன்றென்று சொல்லி அவர் வேதனையிலிருந்து தப்பவில்லை. ஒன்றை எறிந்துவிட்டும் தப்பவில்லை. அவருடைய விடைகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அவருடைய நேர்மையை ஏற்கலாம்.

நம்மீதும் இந்நூல் ஒரு கேள்வியை எறிகிறது. மூன்றாமவருக்கு இருக்கை இல்லை என்று குறைகூறும் நாம், மூன்றாமவருக்காகவே ஓடியாடுகிறோம்: பங்குப் பேரவை, கட்டட நிதி, திருவிழாக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை. இவ்வளவும் செய்யும் ‘நான்’ யார் என்று ஓர் இரவேனும் அமர்ந்து கேட்டதுண்டா? ஒன்பது பேரைப் பிழையின்றி எண்ணிவிட்டுத் தன்னை எண்ண மறந்தவன் கதையில் நம் சாயல் இல்லையா? அடக்கத் திருப்பலியில் அந்த மறையுரையை நிகழ்த்தியவர் யார்? துயருற்றவர்களை நினைத்து, நோக்கி, தொட்ட ஒருவரா? அல்லது அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறதென்று உயர்ந்த உண்மைகளை விரைந்து சொல்லி முடித்த ஓர் அலுவலரா? விடை நமக்குத் தெரியும்.

ஆகவே இந்நூலைப் படிக்க விரும்பும் வாசகர்களுக்குச் சொல்வோம்: தயங்காமல் படியுங்கள். உரையோடு படியுங்கள், கூடுமானால் ஒருவரோடு சேர்ந்து படியுங்கள், ஏனெனில் இது இருவருக்காக எழுதப்பட்ட நூல். முடிவை முதலில் எடுத்து ஓடாதீர்கள். வாயிலில் நிற்கும் நான்கு தகுதிகளின் முன் நீண்ட காலம் நில்லுங்கள். யாரேனும் அழுதுகொண்டிருக்கும் வீட்டுக்கு இந்நூலின் முடிவை எடுத்துச் செல்லாதீர்கள். அதன் தொடக்கத்தை எடுத்துச் செல்லுங்கள். நமது நற்செய்திக்கும் இதே விதி பொருந்தும்.

அவ்வாசிரியர் இன்றும் அந்நூலைப் படிக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கும் வருகிறார். நாம் அவரை எதிலிருந்தும் மீட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இயலாது. கல்லறைத் திருநாள் மாலையில் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே சென்றபோது, அச்சிறுமியின் கல்லறையருகே கணவனும் மனைவியும் தரையில் அமர்ந்திருக்கக் கண்டோம். மெழுகுதிரிகள் பாதி எரிந்திருந்தன. மனைவி அழுதுகொண்டிருந்தார். கணவரின் கை அவர் முதுகில் இருந்தது. புனித நீரைத் தெளித்து, செபத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லி, மறையுரை ஏதும் நிகழ்த்தாமல் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தோம்.